சிப்பிப்பாறையை நடுவர் பயிற்சியில் இருப்பவர்களுக்கு எப்படி அறிமுகம் செய்வது?

தேவகோட்டையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "எட்டு வருஷமாகச் சிப்பிப்பாறை நாய் வளர்க்கிறேன். நாய்க் கண்காட்சி நடுவராகப் பயிற்சி எடுக்கும் பதினைந்து பேருக்கு இந்த இனத்தைப் பற்றி அரை நாள் சொல்லிக்கொடுக்க என்னை அழைத்திருக்கிறார்கள். இடம் காரைக்குடியில் ஒரு பழைய வீடு. அறுபது ஸ்லைடு தயார் செய்துவிட்டேன். இன்னும் எதைச் சேர்க்கலாம்?" ஸ்லைடுகளின் தலைப்புகளையும் வரிசையாகப் போட்டிருக்கிறார். அவற்றில் முக்கால்வாசி வரலாறும் பெருமையும்தான். அதனால் எதைச் சேர்ப்பது என்பதைக் கொஞ்சம் ஒதுக்கிவைக்கிறேன். அந்தப் பதினைந்து பேரில் பலர் சிப்பிப்பாறையை இதுவரை ஓரிரு முறைக்கு மேல் தொட்டிருக்க மாட்டார்கள். நாளைக்கு ரிங்கில், அதாவது கண்காட்சிக் களத்தில், ஒரு நாய்க்கு அவர்களுக்குக் கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம். அந்த நிமிடங்களுக்கு அவர்கள் கண்ணையும் கையையும் அரை நாளில் எப்படிப் பழக்குவது? நண்பர் உண்மையில் கேட்பது இதைத்தான் என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

நான் சிவகங்கை மாவட்டத்தில் கால்நடை மருத்துவராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இருபத்திரண்டு வருஷமாக வீட்டில் சிப்பிப்பாறை இருக்கிறது. கண்காட்சிகளுக்குக் கொண்டு போயிருக்கிறேன், இதுபோன்ற அறிமுக வகுப்புகளை ஆறு முறை எடுத்திருக்கிறேன். ஆனால் நடுவராக ரிங்குக்குள் ஒருநாளும் நின்றதில்லை. ரிங்கைப் பற்றிச் சொல்வதெல்லாம் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தது. உடற்கூறு பற்றிச் சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை.

முதலில், இந்த அரை நாளை ஏன் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். லாப்ரடார் மாதிரி எங்கும் நிறைந்த இனத்தில் ஒரு நடுவர் தப்பாகப் பார்த்தால் அடுத்த கண்காட்சியில் வேறொருவர் சரிசெய்துவிடுவார். நம் இனத்தில் கண்காட்சிக்கு வரும் நாய்களே கொஞ்சம். ஒரு கடுவனுக்கு இரண்டு கண்காட்சியில் பரிசு கிடைத்தால், அடுத்த ஆறு மாதம் பொட்டையைக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டு வாசலில்தான் எல்லோரும் நிற்கிறார்கள். மூன்று தலைமுறை தாண்டினால் எந்தக் குட்டியைப் பார்த்தாலும் அதற்கு அந்தக் கடுவன் தாத்தாவாகவோ கொள்ளுத்தாத்தாவாகவோ இருக்கும். அதன் உடம்பில் ஒளிந்திருந்த குறை ஏதாவது இருந்தால் அதுவும் இரு பக்கத்திலிருந்தும் வந்து சேர்ந்திருக்கும். ஆக, நீங்கள் அந்தப் பதினைந்து பேர் மனத்தில் பதிக்கும் உருவம் பத்து வருஷத்தில் நம் வீட்டுக் குட்டிகளின் உருவமாகத் திரும்பி வரும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். முதல் தடவை வகுப்பு எடுத்தபோது என் வீட்டு நாய்கள் மூன்றைக் கொண்டுபோனேன். மூன்றும் ஒரே தாய் வழி, மூன்றும் மான் நிறம். வந்தவர்கள் தொட்டுப் பார்த்தார்கள், பாராட்டினார்கள், எனக்கும் மனம் நிறைந்திருந்தது. மறு வருஷம் ஒரு கண்காட்சியில் நல்ல உடற்கட்டுள்ள சாம்பல் நிறப் பொட்டை ஒன்று கடைசிக்குத் தள்ளப்பட்டது. உடையவர் காரணம் கேட்டதற்கு, "சிப்பிப்பாறை என்றால் மான் நிறம்தானே" என்று பதில் வந்தது. சொன்னவர் என் வகுப்பில் உட்கார்ந்திருந்தவர். தப்பு என்னுடையது. இனத்துக்கென்று எழுதிவைத்த இலக்கணமான ஸ்டாண்டர்டை வாயால் சொல்லிவிட்டு, என் வீட்டு நாயை ஸ்டாண்டர்டாகக் கண்ணில் காட்டியிருக்கிறேன். அந்தப் பொட்டையை வளர்த்தவரிடம் பிறகு நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன்.

ஆகவே உங்கள் நாய் ஒன்று போதும். மற்றவை வேறு வேறு வீட்டு நாய்களாக, வேறு வேறு வழி வந்தவையாக இருக்கட்டும். ஐந்து அல்லது ஆறு வேண்டும். கடுவனும் பொட்டையும், இளசும் நடு வயதும், மான் நிறம், செந்நிறம், சாம்பல், கறுப்பு என்று கிடைக்கும் மட்டும் கலந்து வாருங்கள். எல்லாம் பரிசு வாங்கிய நாயாக இருக்க வேண்டியதில்லை. தோள் அருமையாகவும் பின்னங்கால் சுமாராகவும் உள்ள நாய் வகுப்புக்குப் பொன். ஆனால் அதன் உடையவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்: குறையை யார் பெயரையும் சேர்த்துப் பேச மாட்டோம், நல்லதை முதலில் சொல்வோம் என்று. வராத நாயின் புகைப்படத்தைத் திரையில் போட்டுக் குறை சொல்வது மட்டும் கூடவே கூடாது. நம் வட்டாரம் சின்னது. சாயங்காலத்துக்குள் செய்தி போய்விடும்.

வரலாற்றுக்குப் பத்து நிமிடம் கொடுங்கள். உறுதியாகச் சொல்லக்கூடியவை உண்டு. பெயர் சிப்பிப்பாறை என்ற ஊரிலிருந்து வந்தது. விருதுநகர், தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்து வறண்ட வெளிகளில் முயல் பிடிக்க வளர்ந்த நாய். கண்ணால் இரையைப் பார்த்து ஓடிப் பிடிக்கும் வகை. கர்னாலில் இருக்கும் தேசிய விலங்கு மரபு வள அமைப்பு, ராஜபாளையம், முதோல் ஹவுண்ட் ஆகியவற்றோடு சிப்பிப்பாறையையும் நாட்டின் இனமாகப் பதிவு செய்திருக்கிறது. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் நாட்டு நாய்களைப் பற்றிப் பேசியபோது இந்தப் பெயரும் வந்தது. 2005இல் நாட்டு நாய்களுக்கு வந்த நான்கு அஞ்சல்தலைகளில் சிப்பிப்பாறை இருந்ததாகச் சிலர் சொல்வார்கள், அது சரியில்லை. அந்த நான்கில் தமிழ்நாட்டு நாய் ராஜபாளையம் ஒன்றுதான். உங்கள் பன்னிரண்டாவது ஸ்லைடின் தலைப்பைப் பார்த்தால் அதில் இந்தத் தவறு இருக்கும்போலத் தெரிகிறது, எடுத்துவிடுங்கள்.

சந்தேகத்துக்கு உரியவையும் உண்டு. அரேபியக் கப்பலில் வந்த சலுகி என்ற ஓட்ட நாயின் வாரிசு என்பது ஒன்று. முகம் ஒத்திருக்கிறது, உடம்பு ஒத்திருக்கிறது என்பதை மட்டும் வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாது. வெட்டவெளியில் வேகமாக ஓடுவதற்கென்று தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்தால், எந்த நாட்டு நாயும் ஏறக்குறைய இதே வடிவத்துக்குத்தான் வந்து சேரும். அரசர்கள் வளர்த்த நாய் என்ற அரண்மனைக் கதைகளும் அப்படித்தான். சொல்ல ஆசையாக இருந்தால் "ஊரில் இப்படிச் சொல்வார்கள்" என்று சொல்லி நிறுத்துங்கள். நடுவருக்கு அந்தக் கதை ரிங்கில் உதவாது.

கன்னி என்ற பெயரிலும் ஒரு நாய் நம் பக்கம் உண்டு. "கன்னியும் சிப்பிப்பாறையும் ஒன்றா, இரண்டா?" என்ற கேள்வி கட்டாயம் வரும். பழைய வளர்ப்பாளர்களிலேயே இரண்டு கட்சி இருக்கிறது. கறுப்பு உடம்பும், புருவத்திலும் காலிலும் செம்மண் நிறப் பொட்டும் இருந்தால் கன்னி, மற்ற நிறமெல்லாம் சிப்பிப்பாறை, மற்றபடி ஒரே நாய்தான் என்பது ஒரு கட்சி. தலையும் சுபாவமுமே வேறு என்பது இன்னொன்று. மரபியல் இதில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்கிறது. மான் நிறம் ஓங்கி நிற்கும் பண்பு, கறுப்பில் செம்பொட்டு ஒடுங்கி நிற்கும் பண்பு. அதனால் மான் நிறப் பெற்றோர் இருவரும் அந்த ஒடுங்கிய பண்பைச் சுமந்திருந்தால், அவர்களுக்குக் கறுப்புப் பொட்டுக் குட்டி பிறக்கும். சராசரியாக நான்கில் ஒன்று. ஒரே ஈற்றில் இரண்டு நிறமும் வந்ததைப் பார்த்து "கலப்படம்" என்று யாராவது சொன்னால் அது தப்பு. ஆனால் நிறம் இப்படி வருவதை மட்டும் வைத்து இரண்டும் ஒரே இனம் என்று முடிவு கட்டவும் முடியாது. என் சொந்தச் சாய்வு முதல் கட்சிப் பக்கம். வகுப்பில் அதை நான் சொல்வதில்லை. நடுவர் கையில் இருக்கும் கேட்டலாக், அதாவது அன்றைய நாய்களின் பட்டியல், இரண்டையும் எப்படிப் போட்டிருக்கிறதோ அப்படித்தான் பார்க்க வேண்டும்.

இனி வகுப்பின் உயிரான பகுதி. ஸ்டாண்டர்டை வரி வரியாக வாசித்தால் பத்தாவது நிமிடத்தில் தூக்கம் வரும். நாயை நிறுத்துங்கள், வேலையிலிருந்து தொடங்குங்கள். காட்டு முயல் நேராக ஓடாது. வெட்டி வெட்டித் திரும்பும். அதைப் பிடிக்க வேகம் மட்டும் போதாது, முழு வேகத்தில் உடம்பை மடக்கித் திருப்பவும் வேண்டும். குதிரை நாலுகால் பாய்ச்சலில் ஒரு சுற்றுக்கு ஒருமுறைதான் நான்கு காலும் தரையை விட்டு எழும்பும். இந்த வகை நாய்க்கு இரண்டு முறை: கால்கள் வயிற்றுக்கடியில் கூடும்போது ஒன்று, முன்னும் பின்னும் விரியும்போது ஒன்று. முதுகுத்தண்டு வில்லாக வளைந்து நிமிர்ந்தால்தான் இது நடக்கும். இதைச் சொல்லிவிட்டு அவர்கள் கையை எடுத்துக் கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே வையுங்கள். அந்த இடம் போதிய நீளமாக, லேசாக மேல் வளைந்து, இரு பக்கமும் சதை இறுகி இருக்க வேண்டும். பலகை மாதிரி தட்டையாக இருந்தால் வில் இல்லை. தொய்ந்திருந்தால் நாண் இல்லை. பிறகு கையை நெஞ்சுக்குக் கொண்டுபோங்கள். நெஞ்சு முழங்கையை எட்டும் ஆழம் வேண்டும், ஆனால் பீப்பாய் மாதிரி அகலக் கூடாது. அகன்றால் முழங்கை வெளியே தள்ளும், பாய்ச்சலில் முன்னங்கால் நேராக வராது. அடுத்து பாதம். விரல்கள் நெருங்கி, அடிப்பஞ்சு தடித்திருக்க வேண்டும். கட்டாந்தரையிலும் முள்ளிலும் ஓடும் நாய்க்கு விரிந்த பாதம் ஒரு நாள்கூடத் தாங்காது.

ஆட்டுக் கிடை போட்டுக்கொண்டு வருஷா வருஷம் எங்கள் ஊர்ப் பக்கம் வரும் ஒரு கீதாரியிடம்தான் பின்னங்காலைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். படிப்பில் கற்றதைவிட அது அதிகம். "டாக்டரய்யா, முன்னாடி நின்னு மொகத்த பாக்காதீக. பின்னாடி வந்து குதிகால பாருங்க. குதிகால் தரைக்குக் கிட்ட இருந்தா நாய் நிக்காது, போய்க்கிட்டே இருக்கும்" என்பார். குதிகால் என்று அவர் சொன்னது பின்னங்காலில் பின்பக்கமாகத் துருத்தி நிற்கும் மூட்டை. அது தாழ்ந்திருப்பது நீண்ட தொடைத் தசைக்கும் குறுகிய பின்பாதத்துக்கும் அடையாளம், அது ஓட்டத்தில் களைப்பைக் குறைக்கும். அவர் சொன்னதில் உடற்கூறு சரியாக இருக்கிறது. வகுப்பில் அவர் வாக்கியத்தை அப்படியே சொல்லுவேன். அதை யாரும் மறந்து நான் பார்த்ததில்லை.

ஒன்றைச் சொல்ல மறக்க வேண்டாம். முயல் வேட்டை 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வேட்டை வீடியோ ஏதாவது கைவசம் இருந்தால் வகுப்பில் போடவே போடாதீர்கள். ஓட்டத்தைக் காட்ட வேண்டுமென்றால் கயிற்றில் கட்டிய துணியை இழுத்து ஓடவிட்டு எடுத்த படம் போதும். மெதுவாக ஓட்டிக் காட்டினால் இரண்டு முறை எழும்புவது தெளிவாகத் தெரியும்.

அடுத்தது ஒல்லி. பயிற்சிக்கு வருபவர்கள் பெரும்பாலும் ஜெர்மன் ஷெப்பர்டு, லாப்ரடார் பார்த்துப் பழகிய கண்ணோடு வருகிறார்கள். விலா தெரிந்தாலே பட்டினி என்று எழுதிவிடுவார்கள். மருத்துவர்கள் பயன்படுத்தும் 9 புள்ளி உடல்நிலை அட்டவணையில் 4, 5 நல்ல நிலை. நல்ல வாகில் இருக்கும் சிப்பிப்பாறையை அந்தப் படத்தோடு ஒப்பிட்டால் 3 போடத் தோன்றும். உண்மையான வித்தியாசம் தசையில் இருக்கிறது. கடைசி விலாக்கள் தெரியலாம். ஆனால் முதுகெலும்பின் இரு பக்கமும் சதை மேடு இருக்க வேண்டும், தொடை கல் மாதிரி இருக்க வேண்டும், கண்ணும் தோலும் பளபளக்க வேண்டும். முதுகெலும்பு கத்தி மாதிரி துருத்தி, தொடை தளர்ந்திருந்தால் அது பட்டினியோ வயிற்றுப் பூச்சியோ நோயோதான். "இந்த இனம் இப்படித்தான்" என்று சொல்லி அதை மூடி மறைக்க நாமும் துணை போகக் கூடாது. மறுபுறம், கண்காட்சிக்காகக் கொழுக்க வைத்துக் கொண்டுவருகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த நாய்க்குப் பரிசு கொடுப்பது எனக்குக் கோபம் வரவைக்கும் விஷயம். வயிறு மேலேறி ஒட்டியிருக்கும் அந்தக் கோடு இல்லையென்றால் இந்த இனத்தின் உருவமே இல்லை.

நடையைக் காட்டும் இடம் பற்றி உங்களுக்கு ஒரு எச்சரிக்கை. செட்டிநாட்டு வீடு என்கிறீர்கள். பட்டாலை என்னும் கூடத்திலும், வளவு என்னும் உள்முற்றத்தைச் சுற்றியும் ஆத்தங்குடிக் கல் போட்டிருக்கும். கண்ணாடிமேல் வார்த்து எடுப்பதால் அது வழுவழுவென்று இருக்கும், அதன்மேல் நாய் விரலை ஊன்றி அடியைச் சுருக்கி நடக்கும், முதுகைக் கூனும். நான் ஒருமுறை அப்படிப்பட்ட தரையில் ஓட்டிக் காட்டினேன். அருமையாக நடக்கும் பொட்டை அன்று நொண்டி மாதிரி தெரிந்தது. பேச்சுக்கும் ஸ்லைடுக்கும் பட்டாலை நன்றாக இருக்கும். நடைக்கு வீட்டுக்கு வெளியே செம்மண் பொட்டலோ, காய்ந்த கண்மாய்க் கரையோ பாருங்கள். முப்பது அடியாவது நேர் தடம் வேண்டும். போய் வரும்போது முன்னும் பின்னும், பிறகு பக்கவாட்டில் ஒரு சுற்று. ரிங்கில் நாய் துள்ளு நடையில்தான் போகும், பாய்வதில்லை. பாய்ச்சலுக்குப் பிறந்த நாயை நடையில் அளக்கிறோம் என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். அதனால் தேட வேண்டியது அலட்டல் இல்லாத, தரைக்குத் தாழ்வான, சிரமப்படாத நடை. காலை உயர உயரத் தூக்கி ஜோடனையாகப் போகும் நாய் கைதட்டல் வாங்கும், சக்தியை வீணாக்கும். பின்னங்கால் அளவுக்கு மீறி வளைந்த நாயும் பக்கவாட்டில் பார்க்க அழகாகப் போகும். பின்னால் நின்று பார்த்தால் குதிகால் ஆடும்.

தொடும் முறை பற்றி நீங்கள் எத்தனை ஸ்லைடு வைத்திருந்தாலும் நேரில் காட்டுவதற்கு ஈடாகாது. இது ஒருவரையே நம்பும் நாய். அந்நியர் நேராக முகத்துக்கு மேல் குனிந்து கண்ணைப் பார்த்தால் பின்வாங்கும். உடனே "கூச்ச சுபாவம், கோழை" என்று குறித்துவிடுகிறார்கள். பக்கவாட்டில் வரச் சொல்லுங்கள். உடையவரிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டு, தாடைக்குக் கீழே கையைக் கொடுத்து, அங்கிருந்து கழுத்து, தோள் என்று போகட்டும். பல்லை உடையவரையே விரித்துக் காட்டச் சொல்லலாம். கடுவனுக்கு விதை இரண்டும் இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பது எல்லா இனத்துக்கும் உள்ள விதி. நம் நாய்களுக்கு இந்தத் தொடுகை பழக்கமில்லாததால் அதற்கு முன்பே முதுகிலிருந்து கையை எடுக்காமல் வழுக்கிக்கொண்டே போனால் திடுக்கிடாது. ஒதுங்கி நிற்பது வேறு, பயந்து நடுங்குவது வேறு, கடிக்க வருவது வேறு. முதலாவது இயல்பு. இரண்டாவது குறை. மூன்றாவதை ரிங்கை விட்டு அனுப்ப வேண்டும், அதில் நாட்டு இனம் என்ற சலுகை கிடையாது.

குறைப் பட்டியலை அச்சடித்துக் கொடுக்காதீர்கள் என்பது என் கருத்து. நம் பக்கத்தில் மாடு வாங்கப் போகிறவர்கள் சுழி, அதாவது தோலில் முடி சுழன்றிருக்கும் இடம், பார்ப்பார்கள். சிராவயல் மஞ்சுவிரட்டுக்கு நிற்கும் புலிக்குளம் காளையைக் கூட முதலில் சுழி பார்த்துத்தான் பேசுவார்கள். சுழி சரியில்லை என்று அருமையான காளையை வேண்டாம் என்றதை நான் பார்த்திருக்கிறேன். பட்டியல் கையில் இருக்கும் நடுவரும் அதைத்தான் செய்வார்: நெஞ்சில் விரல் அகலம் வெள்ளை இருந்தது என்று நாயைத் தள்ளிவிட்டு, தோள் செங்குத்தாக நிமிர்ந்து, ஓட்டத்துக்கு ஒத்துவராத நாயை மேலே வைப்பார். இதற்குப் பதில் கடைசி ஒரு மணி நேரத்தை இப்படிச் செலவிடுங்கள். ஆறு நாயையும் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவரும் தனித்தனியாக முதல் மூன்றைத் தேர்ந்தெடுத்து, ஏன் என்று சத்தமாகச் சொல்லட்டும். "இது அதைவிட எதில் மேல்" என்று நல்லதை வைத்துப் பேச வேண்டும், குறையை வைத்துப் பேசக் கூடாது என்பது மட்டும் விதி. பதினைந்து பேரும் ஒரே வரிசையைச் சொல்ல மாட்டார்கள், சொல்லவும் வேண்டாம். காரணம் சரியாக இருந்தால் வரிசை மாறுவது பரவாயில்லை. உங்கள் வரிசையைக் கடைசிவரை சொல்லாதீர்கள். சொன்னால் அதை மனப்பாடம் செய்துகொண்டு போய்விடுவார்கள். இந்த ஒரு மணி நேரத்தை நடத்த, நடுவராக அனுபவமுள்ள ஒருவரை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். என் வகுப்புகளில் நான் அப்படித்தான் செய்கிறேன்.

ராஜபாளையம், கோம்பை, முதோல் ஆகியவற்றோடு ஒப்பீடு ஐந்து நிமிடம் போதும். ராஜபாளையம் எலும்பும் நெஞ்சும் கனத்த வெள்ளை நாய், பன்றியை எதிர்த்து நிற்கும் கட்டு. கோம்பை காவலுக்கான இறுகிய உடம்பும் கறுத்த முகமும் கொண்டது. முதோலோடுதான் குழப்பம் வரும், இரண்டும் ஓட்ட நாய் என்பதால். படத்தை வைத்து விளக்குவதைவிட, யாராவது ஒருவரிடம் நல்ல முதோல் இருந்தால் பக்கத்தில் நிறுத்திவிடுங்கள். "இதில் கிரேஹவுண்ட் ரத்தம் இருக்கிறதா?" என்று கேட்பார்கள். கலப்பு நடந்திருக்கிறது என்பது வளர்ப்பாளர்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் எதிரில் நிற்கும் நாயில் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. நடுவர் எதிரில் நிற்கும் நாயை ஸ்டாண்டர்டோடு ஒப்பிட்டால் போதும், அதன் பாட்டியை விசாரிக்க வேண்டியதில்லை.

மற்றவை சின்ன விஷயங்கள். பங்குனி, சித்திரையில் வைக்காதீர்கள். வேறு வழியில்லை என்றால் நடையை முதலில் வைத்து ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள், ஸ்லைடு வெயில் ஏறிய பிறகு. நாய்களுக்கு வளவின் நிழலில் ஆளுக்கொரு தூணாக இடம் ஒதுக்கி, கடுவன்களை எதிரெதிரே கட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வகுப்பு முடிந்து சாப்பாடு போட்டு அனுப்பிய பிறகும் உங்கள் வேலை முடிவதில்லை. அடுத்த கண்காட்சியில் அவர்களில் இருவர் மூவரையாவது ரிங் ஓரத்தில் பக்கத்தில் உட்கார வைத்து, ஓடும் நாய்களைப் பார்த்தபடியே பேசுங்கள். உயரம் அளக்கத் தோள்மேட்டில் வைக்கும் அளவுகோல் உங்களிடம் இல்லையென்றால் சொல்லுங்கள். என்னிடம் ஒன்று இருக்கிறது, காரைக்குடிக்கு வரும்போது வாங்கிக்கொண்டு போகலாம்.